ஏற்புரையும் கைக்குறிப்பும்

மேடையேறிப் பேசுவோருள்ளே ஏற்புரை கூறுவோரின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. விரிவுரையாளர் தாம் அறிந்ததொன்றை அறியாதார்க்கு எடுத்துரைக்கின்றார். வாதஞ் செய்வோர் தம் கட்சியை நிலைநாட்ட முயல்கின்றார். தலைமை தாங்குவோர் கூட்டத்தை நெறிப்படுத்துகின்றார். ஏற்புரை கூறுவோரோ பிறர் அளித்ததொன்றைக் கையிலே பெற்றுக்கொண்டு, அதற்கு மறுமொழியாகச் சில சொற் சொல்ல எழுந்து நிற்கின்றார். அவர் அவ்வேளையில் கொடுப்பவரல்லர், பெறுபவர், கற்பிப்பவரல்லர், கடன்பட்டவர். பரிசாயினும் பட்டமாயினும் பொன்னாடையாயினும் பதவியாயினும், பெற்றவர் செய்தற்குரிய முதற்கடமை நன்றி கூறுதலேயாம்.

இச்சிறு கடமையைச் செய்யும்போது கையிலே குறிப்பு வைத்திருக்கலாமா, எழுதியதைப் பார்த்துப் படிக்கலாமா என்னும் வினா அடிக்கடி எழுகின்றது. 'நன்றி நெஞ்சிலிருந்து வரவேண்டியது; அதற்குங் காகிதமோ?' என்பர் ஒரு சாரார். 'நெஞ்சு நிறைந்திருக்கும் வேளையிலேதான் நாத் தடுமாறும்; ஆதலின் காகிதம் இன்றியமையாதது' என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. எதனைப் பார்த்துப் படித்தல் வேண்டும், எதனைப் பாராது சொல்லுதல் வேண்டும் என்னும் வரையறையை அறிந்துகொண்டால் இவ்வழக்குத் தீர்ந்துவிடும். அவ்வரையறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று மேடையிலே மதிப்புப்பெறும் பழைய மாணவர்க்கு மட்டுமன்றி, முன்வரிசையிலிருந்து அவர் பேச்சைக் கேட்கும் இளைய மாணவர்க்கும் இது பயன்படக்கூடும்; நாளை அம்மேடையில் நிற்கப்போகின்றவர் அவரன்றோ?

முதலில், நினைவை மாத்திரம் நம்பி நிற்பதால் விளையும் இடரை நோக்குவோம். வின்ஸ்டன் சேர்ச்சில் இருபதாம் நூற்றாண்டின் பெரும் பேச்சாளருள் ஒருவர் என்பதை யாவரும் அறிவர். அவர் இளமையில் தம் உரைகளை முழுமையாக எழுதி மனப்பாடஞ் செய்து, பாராமற் பேசும் வழக்கமுடையவராயிருந்தார். 1904 ஆம் ஆண்டு ஏப்பிரில் 22 ஆந் திகதி பிரித்தானியப் பொதுச் சபையிலே பேசிக்கொண்டிருந்தபோது, முடிவை அணுகும் வேளையில் அடுத்த சொல் அவருக்குத் தோன்றவில்லை. எவ்வளவு முயன்றும் பேச்சின் தொடர்ச்சி கைகூடாமையால், கேட்டுக்கொண்டிருந்தோர்க்கு நன்றி கூறிவிட்டுத் தலையைக் கைகளிலே தாங்கியவாறு அமர்ந்துவிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்பது. அதன்பின் அவர் நிறைவான குறிப்பின்றி முக்கிய உரை எதனையும் ஆற்றத் துணிந்தாரல்லர். அவருடைய குறிப்புக்கள் வசனம்போற் பக்கம் நிறைய எழுதப்படாமல், செய்யுளடிகள்போல வரி வரியாகப் பிரித்துத் தட்டச்சுச் செய்யப்பட்டிருக்கும். எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்பதைக் கண் பார்த்தவுடனே அறிந்துகொள்ளும் வண்ணம் அவை அமைந்திருந்தன.

பேச்சுக்கு மாத்திரமன்றிப் பாட்டுக்கும் இவ்வாறு நேர்வதுண்டு. 2016 ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபெல் பரிசைப் பெற்ற பொப் டிலன் ஸ்ரொக்ஹோமுக்குச் சென்றாரல்லர். பரிசளிப்பு மண்டபத்திலே அவருடைய பாடலொன்றைப் பாடுதற்குப் பட்டி ஸ்மித் என்னும் பாடகி சென்றிருந்தார். பல்லாண்டு மேடைப் பழக்கமுடைய அவரே, மன்னரும் அறிஞரும் வீற்றிருந்த அவையிலே பாட்டின் நடுவிற் சொல் வராது நின்று, தாம் மிகவும் பதற்றமுற்றிருப்பதாகக் கூறி மன்னிப்புக் கேட்டு, அப்பகுதியை மீண்டுந் தொடங்கிப் பாடினார். அவையோர் கைதட்டி அவரை ஊக்கினர். சொல்லை அறியாமையால் வந்த இடரன்று இது. அறிந்த சொல் வேண்டிய கணத்தில் வெளிவராமையால் வந்தது. உணர்ச்சி மிகும்போது நினைவு நமக்கு ஏவல் செய்ய மறுக்கின்றது. ஏற்புரை கூறுவோர் உணர்ச்சி மிக்க நிலையிலே நிற்பவர் என்பதை இங்கே மனங்கொள்ளல் வேண்டும்.

பாடல் தடைப்பட்டால் மறுபடி தொடங்கலாம். நன்றி கூறுகையில் ஒரு பெயர் விடுபட்டாலோ, கூட்டங் கலைந்தபின் அதனைச் சேர்க்க இயலாது. அமெரிக்க நடிகை ஹிலறி சுவாங்க் 2000 ஆம் ஆண்டு ஒஸ்கார் விருதைப் பெற்றபோது பலருக்கு நன்றி கூறினார். ஆனால் அவையிலே கண்கலங்க அமர்ந்திருந்த தம் கணவரின் பெயரைக் கூற மறந்துவிட்டார். உலகெங்கும் பேசப்பட்ட மறதியாயிற்று அது. 2005 ஆம் ஆண்டு இரண்டாம் முறை அவ்விருதைப் பெற்றபோது கணவருக்கே முதல் நன்றியைக் கூறினார். எல்லோர்க்கும் இரண்டாம் வாய்ப்புக் கிட்டுமா? நம் ஊர்ப் பாராட்டுக் கூட்டங்களிலே பெயர் விடுபட்டவர் பெரும்பாலும் வாய்திறந்து குறைகூறார். அதனால் மறந்தவர் அதனை அறியாமலே இருந்துவிடவுங் கூடும். மறக்கப்பட்டவர் மாத்திரம் அதனை நெடுநாள் நினைந்திருப்பர்.

இனி, மறுபுறத்தை நோக்குவோம். எழுதியதைத் தொடக்கமுதல் இறுதிவரை பார்த்துப் படித்தலில் வேறொரு தீங்குண்டு. வில்லியம் போக்னர் என்னும் அமெரிக்க நாவலாசிரியருக்கு 1949 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு 1950 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆந் திகதி வழங்கப்பட்டது. அன்றிரவு ஸ்ரொக்ஹோம் நகரமண்டப விருந்திலே அவர் நிகழ்த்திய ஏற்புரை அவ்வகை உரைகளுள்ளே மிகச் சிறந்தவற்றுள் ஒன்றென இன்று போற்றப்படுகின்றது. ஆயின் அன்று மண்டபத்தில் இருந்தோருட் பலர்க்கு அதன் பொருள் விளங்கவில்லை. அவர் ஒலிவாங்கிக்குத் தொலைவாக நின்று, தாழ்ந்த குரலில், விரைந்து படித்துச் சென்றமையே காரணம். மறுநாள் அச்சிலே கண்டபின்னரே அவர்கள் அதன் பெருமையை உணர்ந்தனர். உரை எழுத்திலே வாழ்ந்தது, அவையிலே வாழவில்லை.

இதற்குக் காரணம் யாது? தாளை நோக்கிக் குனிந்த தலையினின்று எழும் குரல் தாளிலேயே விழுகின்றது. ஒலிவாங்கியையும் சபையையும் சென்றடைவதில்லை. கண்கள் எழுத்திலே ஓடும்போது, கேட்போர் முகத்திலே தோன்றும் விளக்கமும் மயக்கமும் பேசுவோர்க்குப் புலனாவதில்லை. மேலும், படிப்பவர் கண் பேசுபவர் நாவினும் விரைந்து செல்வது. அதனாற் பேச்சின் வேகம் தானாகவே கூடுகின்றது. எழுத்து வசனம் நீண்டது; பேச்சு வசனம் குறுகியது. எழுத்திலே அழகாயமைந்த நெடுந்தொடர், காதுக்கு வரும்போது எழுவாய் மறந்து பயனிலையைத் தேடவேண்டிய இடர்ப்பாட்டைத் தருகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றி என்பது ஒருவர் முகம் நோக்கி ஒருவர் கூறுவது. ஆசிரியர் எதிரே அமர்ந்திருக்க, 'என் ஆசிரியருக்கு என் நன்றி' என்று தாளைப் பார்த்துச் சொல்லுதல், வீட்டுக்கு வந்த விருந்தினரை வாசலிலே எழுதி ஒட்டி வரவேற்பதனை ஒக்கும்.

பிரித்தானியப் பொதுச் சபையில் உறுப்பினர் தம் உரையை முற்றாகப் பார்த்துப் படித்தலாகாது, ஆயின் நினைவுக்குத் துணையாகக் குறிப்பைப் பார்க்கலாம் என்னும் மரபு நெடுங்காலமாக நிலவுகின்றது. படித்தல் வேறு, குறிப்பைப் பார்த்தல் வேறு என்னும் நுட்பத்தை அம்மரபு நன்கு உணர்த்துகின்றது.

பாதி எழுதிப் பாதி எழுதாது விடுதல் இவ்விரண்டுக்கும் நடுவழியாகுமோ எனின், அதிலும் ஒரு பொறியுண்டு. கி. பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமாபுரியிற் பேச்சுக்கலை பயிற்றிய குவிந்திலியன் பன்னிரண்டு பாகங்கொண்ட தம் பெருநூலின் பத்தாம் பாகத்திலே இதனை ஆராய்ந்துள்ளார். கையிலே வைத்து இடையிடையே கண்ணோட்டுதற்குரிய சிறு குறிப்புக்களை அவர் ஏற்றுக்கொண்டார். ஆயின் மனத்தில் இருத்தக் கருதாததனை விரிவாக எழுதிவைத்தலை அவர் விரும்பவில்லை. எழுதிய சொல்லை நோக்கி மனம் பின்னே இழுபடும். அச்சொல் நினைவுக்கு வராது. வராதபோது புதுச்சொல்லையுந் தேடாது. இரண்டுக்கும் நடுவே மனம் தத்தளிக்கும் என்பது அவர் கண்ட உண்மை. மேடையிலே அழகிய வாக்கியமொன்றை நினைவுகூர முயன்று விழித்து நிற்போரைக் கண்டவர்கள் இதன் நுட்பத்தை எளிதில் அறிவர். ஆகவே குறிப்பு என்பது வாக்கியமாயிராது, பொருளைச் சுட்டுஞ் சொல்லாயிருத்தல் வேண்டும். வழிகாட்டிப் பலகை ஊரின் பெயரைச் சொன்னாற் போதும். ஊரை வருணிக்க வேண்டுவதில்லை.

முழுவதையும் பார்த்துப் படித்தலே முறையாகும் இடங்களுமுண்டு. பிறர் சார்பிலே பேசுதல் அவற்றுள் ஒன்று. முற்கூறிய சேர்ச்சிலுக்கே 1953 ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. பரிசளித்தோர் அவருடைய வரலாற்று நூல்களோடு நாவன்மையையுஞ் சேர்த்தே பாராட்டினர். அவ்வேளை அவர் பெர்மியூடா மாநாட்டின் பொருட்டுச் செல்ல நேர்ந்தமையால், ஏற்புரையை அவர் மனைவியாரே ஸ்ரொக்ஹோமிற் படித்தார். பேச்சுத் தடைப்பட்டு அமர்ந்த இளைஞர், நாவன்மைக்காகப் பாராட்டப்பெற்ற நாளிலே, அவர் எழுதிய தாள் மற்றொருவர் குரலிற் பேசியது. இங்கே படித்தலே நேர்மை. பிறர் சொல்லைத் தம் சொல்போலச் சொல்லுதல் தகாது. பொப் டிலனின் உரையும் அவ்வாறே சுவீடனிலிருந்த அமெரிக்கத் தூதுவராற் படிக்கப்பட்டது.

சொல்லொவ்வொன்றும் வாக்குறுதியாக எண்ணப்படும் இடம் மற்றொன்று. ஐக்கிய அமெரிக்காவிலே கட்சியொன்று தன் சனாதிபதி வேட்பாளரைத் தெரிந்தபின் அவர் நிகழ்த்தும் உரையையும் ஏற்புரை என்றே கூறுவர். முற்காலத்தில் வேட்பாளர் மாநாட்டுக்கு வாரார். பல நாட் கழித்துக் குழுவொன்று அவர் இல்லஞ் சென்று செய்தியை முறைப்படி அறிவிக்கும். பிராங்கிளின் றூஸ்வெல்ற் இவ்வழக்கத்தை மாற்றி, 1932 ஆம் ஆண்டு யூலை 2 ஆந் திகதி விமானத்திற் பறந்து சிக்காகோ மாநாட்டுக்கு நேரிற் சென்றார். வழியிலே உரையைத் திருத்திக்கொண்டு வந்த அவர் கையில், அங்கே காத்திருந்த நெடுநாள் நண்பர் லூயி ஹவ் தாம் எழுதிய வேறோர் உரையைத் திணித்தார். றூஸ்வெல்ற் நண்பர் மனம் நோகாதவாறு அவ்வுரையின் முதற்பக்கத்தைத் தம் உரையின்மேல் வைத்துப் படித்துவிட்டு, எஞ்சியதைத் தாம் கொண்டுவந்த தாள்களினின்றே படித்து முடித்தார். 'நியூ டீல்' என்று பின்னர் உலகறிந்த கொள்கையின் பெயர் அவ்வுரையின் இறுதியிலேதான் ஒலித்தது. நாட்டின் நிதிநிலையையும் வேலையின்மையையும் பற்றி வாக்களிக்கும் உரையைத் தாளின்றிப் பேசுதல் பொறுப்பின்மையாகும். இவ்வாறே, பயிற்சி குறைந்த பிறமொழியிற் பேசுவோரும், கூட்டக்குறிப்பிற் சொல்லுக்குச் சொல் பதியப்படும் தீர்மானத்தைக் கூறுவோரும் பார்த்துப் படித்தலே தக்கது.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கும்போது நமக்கு வேண்டிய வரையறை தெளிவாகின்றது. அதற்குரிய நல்ல உருவகம் நம் கோயில்களிலேயே உண்டு. யாழ்ப்பாணத்திலே கந்தபுராண படனம் நடைபெறும் முறையை நம்மிற் பலர் சிறுவயது முதலே கண்டிருக்கின்றோம். ஒருவர் நூலைப் பார்த்துச் செய்யுளைப் படிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். படிப்பவர் ஓரெழுத்தையும் மாற்றார். அது நூலாசிரியருடைய சொல். பயன் சொல்பவர் கேட்போர் தகுதியறிந்து விரித்துஞ் சுருக்கியுஞ் சொல்லுவார். அது அவருடைய சொல். ஏற்புரை கூறுவோர் இவ்விருவர் தொழிலையும் தாம் ஒருவராகவே செய்கின்றவர். பெயர், பட்டம், ஆண்டு, தொகை, பிறர் கூற்று ஆகியவை மாற்றலாகாதவை. அவற்றைப் பார்த்துப் படித்தல் வேண்டும். அப்பெயருடையோர் தமக்குச் செய்த நன்மை யாது, அது தம் வாழ்வில் விளைத்த பயன் யாது என்பன தம் நெஞ்சறிந்தவை. அவற்றை முகம் பார்த்துச் சொல்லுதல் வேண்டும். பெயருக்குத் தாள், பயனுக்கு முகம். இதுவே வரையறை.

இனி, குறிப்பை ஆயத்தஞ் செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். மெல்லிய தாள் கைநடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ஒலிவாங்கியருகே சலசலக்கவுஞ் செய்யும். தபாலட்டையளவான தடித்த அட்டையே சிறந்தது. ஒரு பக்கத்தில் மாத்திரம் எழுதுக. ஒன்றுக்கு மேற்பட்டால் இலக்கமிடுக. எழுத்து, மேசைமேல் வைத்து நின்றவாறே படிக்கக்கூடிய அளவு பெரிதாயிருத்தல் வேண்டும். நன்றிக்குரியோர் பெயர்களை முதலெழுத்துடனும் உரிய அடைமொழியுடனும், சொல்லவேண்டிய ஒழுங்கில், ஒவ்வொரு வரியில் ஒவ்வொன்றாக எழுதுக. உச்சரிப்பு ஐயமுள்ள பெயரை விழாவுக்கு முன்னரே உரியவரிடங் கேட்டறிக. பெயருக்கு எதிரே, சொல்லக் கருதிய செய்தியைச் சுட்டும் ஒரு சொல் போதும். முதல் வாக்கியத்தையும் இறுதி வாக்கியத்தையும் அட்டையிற் பாராது சொல்லப் பழகிக்கொள்க. முதல் வாக்கியத்தால் சபை நம்மை அறிகின்றது. இறுதி வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டு செல்கின்றது.

மேடையிலே குறிப்பைப் பார்க்கும் வேளையிற் பேசாதிருத்தல் வேண்டும். பேசும் வேளையிற் குறிப்பைப் பாராதிருத்தல் வேண்டும். குனிந்து ஒரு வரியைக் கண்ணாற் பற்றி, நிமிர்ந்து, அதற்குரியவரை நோக்கிச் சொல்லுக. இடையே நிகழும் சிறு மௌனம் பேசுவோர்க்கு நெடிதாகத் தோன்றுமேயன்றிக் கேட்போர்க்குத் தோன்றாது. அவர்களுக்கு அது சொன்னதை எண்ணிப் பார்க்கும் இடைவேளையாகும். அட்டையை மறைக்கவும் வேண்டா. அதனை வைத்திருப்பதற்கு மன்னிப்புக் கேட்கவும் வேண்டா. பெயர்களைத் தவறின்றிச் சொல்லுதற்காக ஒருவர் எழுதிக்கொண்டு வந்திருக்கின்றார் என்பதனைச் சபையோர் மதிப்பாகவே கொள்வர். கைத்தொலைபேசியிற் குறிப்பெழுதிப் பார்ப்போர் இக்காலத்திற் பலர். பேச்சின் நடுவே திரை இருண்டுவிடுதலும், எழுத்து விரலாற் புரண்டு மறைதலும், அழைப்பு வந்து குறுக்கிடுதலும் உண்டாதலால், அட்டையே அதனினும் நம்பத்தக்கது.

நேரத்தையும் மறத்தலாகாது. 1943 ஆம் ஆண்டு ஒஸ்கார் விழாவிலே கிறியர் கார்சன் என்னும் நடிகை ஐந்தரை நிமிட அளவு பேசினார். அவ்விழாவில் அதுவே மிக நீண்ட ஏற்புரையென 2025 ஆம் ஆண்டுவரை பெயர்பெற்றிருந்தது. பின்னாளில் அங்கே ஏறத்தாழ 45 விநாடி என்னும் வரம்பு வகுக்கப்பட்டது. மறுகோடியில், 1968 ஆம் ஆண்டு சிறப்பு விருது பெற்ற இயக்குநர் அல்பிறெட் ஹிச்கொக் நன்றி கூறும் ஒரு சிறு தொடரோடு பேச்சை முடித்துக்கொண்டார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நமக்குத் தக்கது. நம் கல்லூரி மேடைக்கு மூன்று நிமிடம் போதும். சொற்களை எண்ணுவதைவிட, வீட்டிலே உரத்துப் பேசி மணிக்கூட்டைப் பார்த்தலே சரியான அளவுகோல். 2009 ஆம் ஆண்டு இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் ஒஸ்கார் மேடையிலே 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழிற் கூறிய மூன்று சொல்லைத் தமிழுலகம் இன்றும் நினைவுகூர்கின்றது. அவை அவர் நாவிலே பழகிய சொற்களாதலின் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நினைவில் நிற்பது நீளமன்று.

திருவள்ளுவர் அவையறிதலை 72 ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73 ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைத்திருத்தல் எண்ணத்தக்கது. தன் எதிரே இருப்போர் யாரென அறிந்தவனுக்கு அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது. கல்லூரி மேடையிலே நிற்கும் பழைய மாணவர்க்கு எதிரே இருப்போர் அந்நியரல்லர். ஒருகாலத்திற் கணிதத்தைத் திருத்திய ஆசிரியர், ஒரே வாங்கிலிருந்த நண்பர், விடுதியிலே உணவளித்தவர் ஆகியோரே அவர். அவர்களுட் சிலர் மூப்பெய்திவிட்டனர்; அடுத்த விழாவுக்கு வருவாரோ என்பதனை யார் அறிவார்? அவர்கள் பெயரைப் பொதுமேடையிலே பலரறியச் சொல்லுதற்கு வாய்ப்பு ஒருமுறையே கிட்டவுங் கூடும்.

ஆதலின் மேடையேறுமுன் ஓரட்டையை எடுத்து, நாம் யார் யாருக்குக் கடன்பட்டோம் என்று அமைதியாக எண்ணி எழுதுவோமாக. அவ்வாறு எழுதும்போது, மறந்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக முன்வந்து நிற்கும்; உரை எழுதத் தொடங்கியவர் தம் வாழ்க்கைக் கணக்கைப் பார்த்தவராவார். கைக்குறிப்பாற் பெறும் பயன்களுள்ளே தலையாயது இதுவே. மேடையிலே அதனை ஒருகாற் பாராமலே பேசி முடிக்க நேர்ந்தாலும், எழுதிய உழைப்பு வீண்போகாது.